ஒரே நாற்றங்கால், இரண்டு வயல்: உழவர் நிறுவனங்களுக்குக் கைப்பேசிச் செயலி

திருவண்ணாமலை மாவட்டம் பெரணமல்லூர் வட்டாரத்தில் நெல், நிலக்கடலை, கரும்பு ஆகியவை சாகுபடி செய்யப்படுகின்றன. ஆரணியை ஒட்டிய பகுதியாதலால் பட்டு நெசவை நம்பிய குடும்பங்களும் பல. விளைபொருளை ஆரணி, செய்யாறு, வந்தவாசி ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்குக் கொண்டு செல்லலாம். உழவர்கள் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, வாங்குபவருக்கு நேரடியாக விற்கவும் செய்யலாம். அப்படி விற்க முற்படும் நிறுவனங்களிடம், "உங்களுக்கென்று ஒரு செயலி செய்து தருகிறோம்" என்று மென்பொருள் நிறுவனங்கள் வருகின்றன. இதற்குக் கொடுக்கப்படும் பணம் உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத் தொகை. எனவே விதை வாங்குவதில் காட்டும் கவனத்தை இதிலும் காட்ட வேண்டும்.

இரண்டு தளங்கள் ஏன்?

கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் என இரு பெரும் பிரிவுகள் உள்ளன. ஒன்றுக்கு எழுதிய செயலி மற்றதில் ஓடாது. கிராமத்தில் உழவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. ஆனால் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்து பட்டுச் சேலையும் செக்கு எண்ணெயும் வாங்குபவர் ஐஃபோன் வைத்திருக்கலாம். விற்பவர் ஒரு தளத்திலும் வாங்குபவர் வேறு தளத்திலும் இருந்தால் வியாபாரம் பாதியில் நின்றுவிடும்.

இரு தளங்களுக்கும் தனித்தனியே எழுதினால் இரண்டு குழுக்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இதைத் தவிர்க்க வந்ததே பல்தளச் செயலி முறை. ஒரே நாற்றங்காலில் விட்ட நாற்றை இரண்டு வயல்களில் நடுவது போல, ஒரு முறை எழுதிய நிரலை இரு தளங்களுக்கும் பயன்படுத்தலாம். ஃபேஸ்புக் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், கூகுள் நிறுவனம் 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பை வெளியிட்ட ஃபிளட்டர் ஆகிய இரண்டும் இவ்வகையில் பரவலாக வழக்கில் உள்ளன. ரியாக்ட் நேட்டிவ், அந்தந்தக் கைப்பேசிக்கே உரிய பொத்தான்களையும் பெட்டிகளையும் பயன்படுத்துகிறது. ஃபிளட்டர் திரையில் தெரியும் அனைத்தையும் தானே வரைந்து கொள்கிறது.

நாற்றங்கால் ஒன்று என்றாலும் வயல் இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது. இரு தளங்களிலும் சோதனை செய்ய வேண்டும். ஐஃபோனுக்கான பதிப்பை உருவாக்க ஆப்பிள் கணினி தேவை. தராசிலிருந்து எடையைக் கம்பியின்றி நேரே வாங்குவது போன்ற வேலைகளுக்குத் தளவாரியாகச் சிறிது தனி நிரலும் தேவைப்படலாம். ஆகவே செலவு குறையும். சரிபாதியாகிவிடும் என்று எண்ணக் கூடாது.

முதலில் தேவையை முடிவு செய்க

வானிலை, சந்தை விலை, மானிய விவரம் ஆகியவற்றைத் தமிழக அரசு 2018 ஏப்ரலில் தொடங்கிய உழவன் செயலி தருகிறது. அதையே மீண்டும் காசு கொடுத்துச் செய்ய வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு மட்டுமே உரிய வேலைகள் எவை என்று எழுதிப் பார்க்க வேண்டும். உறுப்பினர் கொடுத்த சரக்கின் எடை, அவருக்குச் சேர வேண்டிய தொகை, வாங்குபவரின் ஆணை, இருப்புக் கணக்கு ஆகிய நான்குமே தொடக்கத்துக்குப் போதுமானவை. பத்து இருபது பேர் மட்டுமே வாங்குபவர்கள் என்றால் செயலியே தேவையில்லை. தொலைபேசியும் ஒரு நல்ல பேரேடும் போதும். பொருள்களைக் காட்டி ஆணை பெறுவது மட்டுமே நோக்கமானால், கைப்பேசியில் திறக்கும் இணையதளமே இரு தளத்தாருக்கும் பயன்படும்.

வயலுக்கு ஏற்ற அமைப்பு

1. சிக்னல் இல்லாத களத்துமேட்டிலும் எடையைப் பதிய முடிய வேண்டும். பதிவு கைப்பேசியிலேயே தங்கி, சிக்னல் கிடைத்ததும் தலைமைக் கணினிக்குச் செல்ல வேண்டும். ஒரே பதிவு இருமுறை சென்று கணக்கு இரட்டிக்காதிருக்க, ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் இருத்தல் அவசியம்.

2. விற்பனைப் பகுதிக்கு இதற்கு மாறான முறை வேண்டும். கைத்தறிச் சேலையில் ஒரு நிறத்துக்கு ஒன்றே இருப்பில் இருக்கலாம். தலைமைக் கணினி இருப்பை உறுதி செய்த பிறகே பணம் பெற வேண்டும். இல்லையேல் ஒரே சேலையை இருவர் வாங்கிவிட, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க நேரும்.

3. எடையை மூட்டைக் கணக்கில் பதியாமல் கிலோவில் பதிய வேண்டும். விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை 75 கிலோ. அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. 100 மூட்டை என்று மட்டும் எழுதினால் அது 7,500 கிலோவா, 4,000 கிலோவா என்பது விளங்காது. வித்தியாசம் 3,500 கிலோ!

4. எழுத்து பெரிதாகவும் தமிழிலும் இருக்க வேண்டும். வழக்கில் உள்ள சொற்களையே பயன்படுத்துவது நல்லது. செயலி சிறிய அளவினதாக, விலை குறைந்த பழைய கைப்பேசியிலும் ஓட வேண்டும். மென்பொருள் நிறுவனத்தார் கொண்டுவரும் புதுக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒப்புதல் தரக் கூடாது. உறுப்பினரின் கைப்பேசியில், நடுப்பகல் வெயிலில் பார்க்க வேண்டும்.

5. தேவையற்ற விவரங்களைக் கேட்கக் கூடாது. எடைக்கணக்குக்கு ஆதார் எண் வேண்டியதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுள்ளது. உறுப்பினரிடம் வாங்கும் விவரம் எதற்கு என்று சொல்லி, அவர் சம்மதத்துடன் பெறுவதே முறை.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

நிலத்தின் பட்டா உரியவர் பெயரில் இருப்பது அவசியம். செயலிக்கும் இதுவே பொருந்தும். கூகுள் பிளே கணக்கும் ஆப்பிள் கணக்கும் உழவர் நிறுவனத்தின் பெயரிலேயே தொடங்கப்பட வேண்டும். கூகுள் கணக்குக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். நிறுவனப் பெயரில் கணக்குத் தொடங்க டன்ஸ் எனப்படும் ஒன்பது இலக்க எண் தேவை. அதை முன்கூட்டியே பெற்றுக்கொள்க.

மூல நிரல், இணைய முகவரி, தலைமைக் கணினியின் கடவுச்சொல், கையொப்பச் சாவி ஆகியவையும் நிறுவனத்தின் வசமே இருத்தல் வேண்டும். இவை செய்து தந்தவரிடமே தங்கிவிட்டால், அவர் தொழிலை விட்டுப் போகும் நாளில் உறுப்பினர் கணக்கு முழுவதும் கைக்கு எட்டாமல் போகக்கூடும். அறுவடைக் காலமாக இருந்தால் பட்டுவாடாவே நின்றுவிடும். கணக்கு விவரங்களை வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கும் வசதியையும் கேட்டுப் பெற வேண்டும்.

பணத்தை மொத்தமாகக் கொடாமல், வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுக்க வேண்டும். கடைசித் தவணையை ஒரு கொள்முதல் பருவம் முழுவதும் செயலி ஓடிய பிறகு தருவதாக எழுதிக்கொள்வது பாதுகாப்பானது.

நட்டபின் பராமரிப்பு

செயலி ஒருமுறை செய்து முடிக்கும் பொருளன்று. ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் செயலியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். கருவிகளும் நெல் ரகம் போலப் பழசாகும். ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த ஃபோன்கேப் கருவியை அடோபி நிறுவனம் 2020-இல் நிறுத்தியது. சாமரின் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில் முடித்துக்கொண்டது. அவற்றில் எழுதப்பட்ட செயலிகளை வேறு கருவிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எனவே எந்தக் கருவியில் செய்யப்போகிறார்கள், அதை அறிந்தவர்கள் ஆரணியிலோ வேலூரிலோ கிடைப்பார்களா என்று கேட்டறிவது நலம். ஆண்டுப் பராமரிப்புத் தொகையை முதலிலேயே வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்க இயலாத நிறுவனம் செயலியைத் தள்ளிப்போடுவதே மேல்.

முதல் பருவத்தில் ஒரே கிராமத்தில், ஒரே விளைபொருளுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்க்கலாம். அப்போது கைப்பேரேட்டையும் நிறுத்தக் கூடாது. பருவ முடிவில் பேரேட்டுக் கணக்கும் செயலிக் கணக்கும் கிலோவுக்குக் கிலோ, ரூபாய்க்கு ரூபாய் ஒத்துவந்தால் மற்ற கிராமங்களுக்கு விரிவுபடுத்தலாம். ஒத்துவராவிட்டால் குறையைத் திருத்தி, மறுபருவமும் அதே கிராமத்தில் சோதித்துப் பார்த்த பின்னரே அடுத்த கிராமத்துக்குச் செல்ல வேண்டும்.