பொன் முலாமும் பாதரசப் புகையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயங்களுக்கெனச் செய்யப்பட்ட கிண்ணங்களும் சிலுவைகளும் விளக்குத் தண்டுகளும் முழுப் பொன்னாலானவை போலத் தோன்றும். உண்மையில் அவற்றுள் பல, வெள்ளியின் மீதோ செம்பின் மீதோ பொன் முலாம் பூசப் பெற்றவையே. அம்முலாம் ஏறியது எவ்வாறு? வேதியியல் பயில்வோர்க்கு இவ்வினா சுவையானது, விடையோ கசப்பானது.

இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரிலிருந்த புனித பேதுரு மடாலயத்தில் பீட்டர் என்பவர் தலைவராயிருந்த காலத்தில் (1107–1113) செய்யப்பட்ட மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. மெழுகில் உருச்செய்து, மண் பொதிந்து சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் மூன்று பகுதிகளாக வார்க்கப்பட்டது அது. கொடிகளினூடே மனிதரும் குரங்குகளும் விந்தை விலங்குகளும் பின்னிப் பிணைந்து, உச்சியிலுள்ள ஒளியை நோக்கி ஏறுகின்றன. அதன் மீதும் பொன் முலாம் பூசப்பட்டிருக்கிறது.

அக்காலத்தார் கையாண்ட முலாம் முறை இது: பொன்னைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் போன்ற இரசக்கலவை கிடைக்கும். அதனைப் பொருளின் மேல் தடவிச் சூடேற்றுவர். பாதரசம் 357 டிகிரி சென்டிகிரேடில் கொதிப்பது; பொன் உருகுவதோ 1064 டிகிரியில். ஆகவே பாதரசம் ஆவியாகிப் போக, பொன் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

போன பாதரசம் எங்கே போயிற்று? தொழிலாளியின் நுரையீரலுக்கு!

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்ற புனைபெயரில் ஒரு துறவி, வண்ணம், கண்ணாடி, உலோகம் என்னும் மூன்று கலைகளைப் பற்றி இலத்தீனில் நூல் எழுதினார். பசித்த வயிற்றோடு முலாம் வேலையில் இறங்கலாகாது, பாதரசப் புகை பல நோய்களைத் தரும் என அதில் எச்சரிக்கிறார். மிளகும் பூண்டும் திராட்சை மதுவும் மருந்தென்கிறார். மிளகும் பூண்டும் பாதரசத்தைத் தடுக்கமாட்டா என்பதை இன்று நாம் அறிவோம். அந்த ஆவி இரத்தத்தில் கலந்து நரம்புகளைத் தாக்கும், கைகள் நடுங்கும். கையை நம்பி வாழ்ந்தவனுக்கு இதைவிடக் கேடு ஏது?

கிளாஸ்டர் தண்டில் அதை வழங்கிய பீட்டரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. செய்தவன் பெயர் இல்லை. ஆனால் தொழிலின் நுணுக்கம் அறிந்த ஒருவர் எழுதுகோலைப் பிடித்ததால், அவனைப் போன்றோரின் பசித்த வயிறு நூலில் இடம்பெற்றது. உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மைப் போன்றோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் வீட்டார் செய்யும் தொழிலின் நுட்பத்தையும் அதிலுள்ள தீங்கையும் நாமன்றி வேறு யார் எழுதுவார்?