மிஞ்சும் மஞ்சள் கரு

முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துக்கொண்டு மஞ்சள் கருவை ஒதுக்கும் வழக்கம் இன்று தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிலும் காணப்படுகிறது. நெஞ்சுவலி வந்து தேறிய என் தந்தையாருக்கு மருத்துவர் வெள்ளைக்கருவையே கொடுக்கச் சொன்னதிலிருந்து, எங்கள் வீட்டில் நாள்தோறும் மூன்று மஞ்சள் கருக்கள் மிஞ்சுகின்றன. முதல் வாரம் அவை குப்பைமேட்டுக்குப் போயின. அதே வீட்டில் என் தமக்கையின் மூன்று வயதுக் குழந்தை வெறும் களியும் குழம்பும் உண்டுகொண்டிருந்தது! விலங்கியல் பயிலும் எனக்கு இது பொறுக்கவில்லை.

நாம் கொட்டுவது எதை என்று பார்ப்போம். 50 கிராம் முட்டையில் மஞ்சள் கரு ஏறத்தாழ 17 கிராம். அதில் புரதம் 2.7 கிராம், கொழுப்பு 4.5 கிராம். முட்டையிலுள்ள ஏ, டி வைட்டமின்கள் இருப்பது இதில்தான். மூன்று கருக்களின் புரதம் ஒரு முழு முட்டையின் புரதத்தைவிட மிகுதி. இரும்புச் சத்தும் உண்டு. ஆயின் அது உடலில் எளிதில் சேர்வதில்லை. ஆகவே இரத்தசோகைக்கு இதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

கொலஸ்டிராலைப் பற்றிய அச்சமே கருவை ஒதுக்கக் காரணம். 1913இல் ரஷ்ய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி, அவற்றின் இரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முயலோ தழையுண்ணி! 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று கருக்களே போதும் என்றது. 2015ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு நெறிகளில், நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய வரம்பு கைவிடப்பட்டது. ஆயினும் இதயநோயாளிக்கு மருத்துவர் சொல்லே முடிவு. தந்தைக்கு ஆகாதது பேரப்பிள்ளைக்கும் ஆகாது என்று கொள்வதுதான் பிழை.

இனிச் சமையலறைக்கு வருவோம். கரு 65 முதல் 70 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். கொதிக்கும் குழம்பில் அப்படியே ஊற்றினால் திரிதிரியாகப் போய்விடும். கிண்ணத்தில் கருவை அடித்து, சூடான குழம்பை இரண்டு கரண்டி சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, பின்னர்ச் சட்டியில் சேர்த்துச் சிறு தீயில் கிளறவேண்டும். குழம்பு தேங்காய் அரைத்துவிட்டதுபோல் திரண்டுவரும்; களிக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்பேன். எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் லெசித்தின் கருவில் உண்டு. பிரெஞ்சு வேதியியலார் கோப்லே கருவிலிருந்தே இதைப் பிரித்தெடுத்தார். பெயரும் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை, வெங்காயத்தோடு கருவைப் பிசைந்து அடை தட்டினால் அடை மெதுவாக இருக்கும். எங்கள் குழந்தை விரும்பி உண்பது இதைத்தான்.

உடனே சமைக்க இயலாவிடில், உடையாத கருவின்மேல் குளிர்ந்த நீர் ஊற்றி மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாள்களுக்குள் நன்கு வேகவைத்து உண்ணலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும். பச்சைக் கருவில் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும்.

தலைக்குத் தேய்ப்போர் வெதுவெதுப்பான நீரிலேயே அலசவேண்டும். வெந்நீர் பட்டால் கரு வெந்து மயிரில் ஒட்டிக்கொள்ளும், சீப்புக்கும் வராது.

குழந்தை உண்டு மிஞ்சியதை அவித்து உதிர்த்துக் கோழிக்குஞ்சுகளுக்கு இடுகிறோம். பொரியுமுன் எஞ்சிய கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள்கள் தீனியின்றியே உயிர்வாழ வல்லது. அதே உணவைத்தான் மறுபடியும் கொடுக்கிறோம். பச்சையாக மட்டும் முற்றத்தில் ஊற்றலாகாது. குஞ்சுகளுக்கு முன்னே எறும்பும் நாயும் வந்துவிடும்.