வீட்டு மரங்களுக்கு மருந்தேற்றும் முறை

ஓட்டு வீட்டின் பாரம் முழுவதும் விட்டத்தையும் கைமரங்களையும் நம்பி நிற்கிறது. கரையான் மரத்தின் உட்புறத்தைத் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். வெளிப்பார்வைக்கு உறுதியாய்த் தோன்றும் விட்டம், சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று ஒலிப்பது இதனாலேயே. செய்யார், ஆரணி வட்டாரத்து நெசவாளர் வீடுகளில் இந்த அபாயம் அதிகம். குழித்தறியின் கால்கள் மண்ணில் ஊன்றப்படுகின்றன. குழியிலோ ஈரம் தங்குகிறது. அங்கே புகும் கரையான் சுவர் வழியே கூரையை அடைவது எளிது.

மரத்தின் தன்மை

மரத்தின் நடுவிலுள்ள வைரம் இயற்கையிலேயே ஓரளவு தாங்கும். புறத்திலுள்ள வெளிறு விரைவில் கெடும். ஆனால் மருந்தை நன்கு உறிஞ்சுவதும் வெளிறே. பனையில் இது மாறானது. அதன் புறம் கெட்டி, உள் மென்மை. ஆண்பனைகள் பெண்பனைகளான கதைக்குப் பேர்பெற்ற திருவோத்தூர் செய்யாரிலேயே இருக்கிறது. இப்பகுதியின் பழைய வீடுகளுக்குப் பனங்கைகள் பெரிதும் உதவின. பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவையென்று 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. ஆகையால், வெளிறு மிகுந்த மா, தைலமரம், சவுக்கு முதலியவற்றை நாட வேண்டியவர்களுக்கு மருந்தேற்றுதல் அவசியமாகிறது.

மருந்துகளும் அவற்றிற்குரிய இடமும்

மருந்துகளுள் முக்கியமானவை மூன்று வகை.

1. போரான் உப்புக்கள்: வெண்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்தவை. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிரி. நீரில் கரைந்து வெளியேறுமாதலால், மழையும் மண்ணீரமும் படாத கூரை மரங்கள், உட்கதவுகள் ஆகியவற்றிற்கே உகந்தவை.

2. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலவை: இதனை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்பவர் கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சையையும் ஆர்சனிக் பூச்சியையும் தடுக்கும். குரோமியம் இரண்டையும் மரத்தில் நிலைக்கச் செய்யும். மண்ணில் ஊன்றும் கம்பங்களுக்கு இது உலகெங்கும் பயன்பட்டது. எனினும் ஆர்சனிக் கொடிய விஷமாகையால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களினின்று விலக்கப்பட்டது. வசிக்கும் அறைகளுக்கும், குழந்தைகள் தொடும் இடங்களுக்கும் இதனைத் தவிர்த்தலே நலம்.

3. கிரியோசோட் எண்ணெய்: ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளில் ஏற்றப்பட்டது. மலிவாய்க் கிடைக்கிறதென்று பழைய ஸ்லீப்பர்களை வீட்டிற்குள் வைத்தல் ஆகாது.

செய்முறை

பெரிய விட்டங்களுக்குத் தொழிற்சாலையில் அழுத்தத்தால் மருந்தேற்றுவதே சிறந்தது. உருளையில் மரத்தை வைத்துக் காற்றை உறிஞ்சியபின், மருந்து நீரை அழுத்தத்தோடு உட்செலுத்துவர். வாங்குவோர் மருந்தின் பெயரையும், ஒரு கனமீட்டரில் நின்ற அளவையும், இந்தியத் தரம் 401-ஐ அனுசரித்ததா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மெல்லிய சட்டங்களுக்குப் போரான் உப்பை வீட்டிலேயே ஏற்றலாம். 50 லிட்டர் வெந்நீரில் 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, புதிதாய் அறுத்த பச்சை மரத்தை அதில் முழுவதும் அமிழ்த்தி வைக்க வேண்டும். மரத்திலுள்ள ஈரத்தின் வழியே உப்பு மெல்ல உட்செல்லும். கனத்த மரத்திற்குப் பல வாரங்களாகும். பின்பு நெருக்கமாய் அடுக்கித் தார்ப்பாயால் மூடிவைத்து, இறுதியில் நிழலில் உலர்த்த வேண்டும். காய்ந்த மரத்தின்மேல் தூரிகையால் பூசுவது இதற்கு ஈடாகாது. கையுறை அணிதல் அவசியம். எஞ்சிய நீரை வயலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. மிகுந்த போரான் பயிரைக் கருக்கும்.

தச்சர், அறுத்தல், துளையிடுதல், பொருத்துவாய் வெட்டுதல் யாவற்றையும் மருந்தேற்றுமுன்னரே முடித்துவிட வேண்டும். பின்னர் வெட்டினால் மருந்து எட்டாத உட்பகுதி வெளிப்பட்டு, கரையானுக்கு வாயில் திறந்தாற்போலாகும். தவிர்க்க முடியாது வெட்டிய முனைக்கு மீண்டும் மருந்து பூச வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

ஆர்சனிக் ஏற்றிய மரத்தின் துண்டுகளை அடுப்பிலோ, பட்டுக்குச் சாயமேற்றும் கொப்பரையின் கீழோ எரிக்கவே கூடாது. எரியும்போது ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையில் கலக்கும். எஞ்சியது சாம்பலில் தங்கும். அச்சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கினால் விஷம் உணவில் சேரும். தோட்டத்தில் இட்டால் மண்ணில் நிற்கும். இத்தகைய துண்டுகளை விறகோடு சேர்க்காமல் தனியே வைத்து, விற்ற நிலையத்திடமே ஒப்புவிக்க முயல வேண்டும். பழைய வீடு இடித்த மரத்தின் பூர்வோத்தரம் தெரியாவிடில் அதையும் அடுப்பில் இடாதிருப்பதே உத்தமம்.

முடிவாக, மருந்து மட்டுமே காவலன்று. கரையானின் கூடு மண்ணில் இருக்கிறது. மரத்தூணைக் கல்லின் மீது நிறுத்துதல், ஓட்டின் ஒழுக்கை உடனே அடைத்தல், சுவரில் மண்தாரை தோன்றுகிறதாவென்று மழைக்காலத்திற்குப் பின் பார்த்தல் ஆகிய மூன்றையும் கைக்கொள்ளும் வீட்டில் மருந்தேற்றிய மரம் நெடுங்காலம் நிலைக்கும்.