எண்ணெய்க்கும் எண் உண்டு

தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறோம். எந்த எண்ணெய் விடுகிறோம்? அதற்கென்று கடையில் விற்கும் மிஷின் எண்ணெயை விடுகிறோம். தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை விடுவோமா? விட்டால் முதல் நாள் மிஷின் ஓடும். சில நாளில் எண்ணெய் பிசுபிசுக்கும். தூசி ஒட்டும். மிஷின் இறுகிவிடும்.

கார் எஞ்சினும் அப்படித்தான். அதற்கும் உரிய எண்ணெய் உண்டு. அதை எஞ்சின் ஆயில் என்கிறோம். எஞ்சின் ஆயிலில் பல வகை உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் படிக்க இன்று கற்றுக்கொள்வோம்.

ஒரு குடும்பத்தின் கதை

நம் கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் பல குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின. பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூரு போய் வருகிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். சிலர் கடனில் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார்கள்.

கார் ஓட்டும் ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். மாரிக்குப்பத்தில் வீடு. அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். மகன் வங்கிக் கடனில் புதுக் கார் வாங்கினார். மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். கார் ஒரு நாள் நின்றால் அன்று வருமானம் இல்லை. அவர் மனைவி அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர்.

கார் 10,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கிய கம்பெனியிலேயே சர்வீஸுக்கு விட்டார்கள். மாலையில் இருவரும் போனார்கள். பணம் கட்டினார்கள். பில் வந்தது. மனைவி பில்லை வாங்கிப் படித்தார். பிறகு காருக்குள் இருந்த கையேட்டை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்னங்க, கொஞ்சம் நில்லுங்க. புத்தகத்துல 5 போட்டு 30-ன்னு இருக்கு. பில்லுல 20 போட்டு 50-ன்னு இருக்கே?”

“அட, வா போகலாம். பெரிய கம்பெனி. அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிருக்கும். ஆனா நம்பர் வேறயா இருக்கே. கேட்டா என்ன தப்பு?”

மேற்பார்வையாளரிடம் கேட்டார்கள். அவர் சிரித்தார்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது.”

“சரிங்க சார். அப்போ அதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. பின்னாடி எஞ்சினுக்கு ஏதாவது ஆச்சுன்னா காட்டணும்ல.”

மேற்பார்வையாளரின் சிரிப்பு நின்றது. அவர் உள்ளே போனார். விசாரித்தார். வேறு வண்டிக்கு வைத்திருந்த ஆயிலை இந்த வண்டிக்கு ஊற்றிவிட்டார்கள். பழைய மாடல் வண்டிக்கான ஆயில் அது.

அன்றே அந்த ஆயிலை வடித்தார்கள். ஆயில் ஃபில்டரையும் மாற்றினார்கள். சரியான ஆயிலை ஊற்றினார்கள். நடந்ததை வேலைத்தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். கூடுதல் பணம் வாங்கவில்லை.

மனைவி வண்டி ஓட்டக் கற்றவர் அல்ல. எஞ்சினைப் பற்றிப் படித்தவரும் அல்ல. இரண்டு தாள்களில் உள்ள எண்களை ஒப்பிட்டார். அவ்வளவுதான்.

எஞ்சினுக்குள் ஆயில் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் பல இரும்புப் பாகங்கள் அசைகின்றன. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை ஓடுகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசினால் என்ன ஆகும்? சூடாகும். தேயும். கடைசியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது’ என்கிறார்கள்.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நம் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அவ்வளவு ஆழத்துக்கு ஆட்களை இறக்கவும் ஏற்றவும் இயந்திரம் வேண்டும். சுழலும் எந்த இயந்திரமும் உரிய எண்ணெய், கிரீஸ் இல்லாமல் நெடுநாள் ஓடாது.

கார் எஞ்சினில் ஆயில் நான்கு வேலைகளைச் செய்கிறது.

1. பாகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று உரசலைக் குறைக்கிறது.
2. சூட்டை எடுத்துச் செல்கிறது.
3. கரியையும் அழுக்கையும் சேர்த்து எடுத்துச் செல்கிறது. ஃபில்டர் அதைப் பிடிக்கிறது.
4. துருப் பிடிக்காமல் காக்கிறது.

எண்ணைப் படிப்போம்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். அடுப்பருகே வைத்தால் உருகித் தண்ணீர் போல் ஓடும். எஞ்சின் ஆயிலும் குளிரில் கெட்டியாகும். சூட்டில் இளகும். எவ்வளவு கெட்டியாகும், எவ்வளவு இளகும் என்பதைத்தான் எண்கள் சொல்கின்றன.

ஆயில் டப்பாவின் மேல் ‘5டபிள்யூ-30’ என்பது போல் இருக்கும். நடுவில் உள்ளது ஆங்கில எழுத்து. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம் தோண்டியது போல் இருக்கும். அதுதான் டபிள்யூ. குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையைச் சொல்கிறது. எண் சிறியதானால், குளிரிலும் ஆயில் வேகமாக ஓடும். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் எல்லா இடத்துக்கும் சீக்கிரம் போய்ச் சேரும்.

பின்னால் உள்ள எண் சூடான நிலையைச் சொல்கிறது. எண் பெரியதானால், சூட்டிலும் ஆயில் கெட்டியாக இருக்கும். 30-ஐவிட 50 கெட்டி. 20 அதைவிட இளக்கம்.

டப்பாவில் இன்னொரு குறியும் இருக்கும். ‘ஏ.பி.ஐ.’ என்று தொடங்கும். அதன் பின் ‘எஸ்’ என்ற எழுத்து வந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு. ‘சி’ வந்தால் டீசல் எஞ்சினுக்கு. சில ஆயில்களில் இரண்டும் இருக்கும்.

ஆயிலைத் தொட்டுப் பார்த்து இந்த எண்ணைச் சொல்ல முடியாது. நிறத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. படித்தால்தான் தெரியும்.

தவறான ஆயில் என்ன செய்யும்?

இன்றைய புது எஞ்சின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு. கெட்டி ஆயில் அங்கே மெதுவாகத்தான் போகும். எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நொடிகளில் தேய்மானம் கூடும். பெட்ரோலும் அதிகம் செலவாகும்.

ஆயில் தேவைக்குமேல் இளக்கமாக இருந்தால் வேறு தொல்லை. சூட்டில் படலம் கிழியும். இரும்பு இரும்பைத் தொடும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்கள் பி.எஸ்.-6 விதிப்படி செய்தவை. அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டி நாளடைவில் அடைபடும். அதை மாற்றப் பெரிய செலவாகும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து சுழல்கின்றன. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறி உள்ள ஆயில் மோட்டார் சைக்கிளுக்கு உரியது.

தவறான ஆயிலை ஊற்றிய உடனே எஞ்சின் கெட்டுவிடுமா? பெரும்பாலும் இல்லை. வண்டி வழக்கம்போல் ஓடும். சத்தமும் வராது. அதனால்தான் இந்தத் தவறு பல மாதம் வெளியே தெரிவதில்லை. தெரியும்போது, யார் செய்தது என்று காட்டுவது கடினம்.

மூன்று இடங்களில் பாருங்கள்

1. காரோடு வந்த கையேடு. எந்த எண், எத்தனை லிட்டர் என்று அதில் இருக்கும்.
2. ஆயில் டப்பா. முடிந்தால் உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெரிய டிரம்மிலிருந்து ஊற்றினால் டிரம்மின் மேல் உள்ள எண்ணைக் கேளுங்கள்.
3. பில். ஆயிலின் எண்ணும் அளவும் அதில் இருக்க வேண்டும். வெறுமனே ‘ஆயில்’ என்று இருந்தால் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில கையேடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். அவற்றில் எதை ஊற்றினாலும் சரிதான். ஆகவே முதலில் கையேட்டைப் படியுங்கள். பிறகு கேளுங்கள்.

நம் ஊரில் பில் ஆங்கிலத்தில் வரும். சில நேரம் கன்னடத்திலும் வரும். பயப்பட வேண்டாம். 5, 30, 20, 50 ஆகிய எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றே.

தவறு நடந்துவிட்டால்

• வண்டியை மேலும் ஓட்ட வேண்டாம். சர்வீஸ் செய்தவர்களிடம் உடனே சொல்லுங்கள்.
• ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள்.
• நடந்ததை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.
• பில், வேலைத்தாள், கையேடு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். டப்பாவைப் படம் எடுத்து வையுங்கள்.

எழுத்தில் ஏன் வாங்க வேண்டும்? தவறான ஆயிலால் எஞ்சின் கெட்டால், வாரண்டியில் பழுது பார்க்கக் கம்பெனி மறுக்கலாம். தவறு உங்களுடையது அல்ல என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-இல் வந்தது. இப்போது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. அது 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது.

முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். காரைப் பெங்களூரில் வாங்கியிருந்தாலும் கோலாரிலேயே மனுக் கொடுக்கலாம். நாம் வசிக்கும் மாவட்டத்தில் மனுக் கொடுக்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. வக்கீல் கட்டாயம் இல்லை. நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

“நீ வாடகைக்கு ஓட்டுகிறாய். இது வியாபாரம். நீ நுகர்வோர் இல்லை” என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய ஒரு தொழிற்கூடம் தொடுத்த வழக்கு அது. அந்தத் தொழிற்கூடம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. தன் பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. எஞ்சின் ஆயில் செய்யும் நான்கு வேலைகள் எவை?
2. ‘10டபிள்யூ-40’, ‘5டபிள்யூ-30’ இரண்டில் சூட்டில் கெட்டியாக இருப்பது எது?
3. மேற்பார்வையாளரிடம் மனைவி ஏன் எழுதிக் கேட்டார்?

ஆ. கணக்குப் போடுங்கள்

கையேட்டில் ஆயில் அளவு 3.5 லிட்டர் என்று உள்ளது. பில்லில் 4.5 லிட்டர் என்று உள்ளது. ஒரு லிட்டர் 600 ரூபாய். எவ்வளவு பணம் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள்?

இ. செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் ஆட்டோ, மோட்டார் சைக்கிள் அல்லது கார் வைத்திருப்பவரிடம் கையேட்டையும் கடைசி சர்வீஸ் பில்லையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் உள்ள ஆயில் எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒத்துப்போகிறதா என்று அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.