மோட்டார் காரின் உறுப்புகளை அறிவோம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நம் முன்னோர் வாக்கு. தேருக்குப் பொருந்தும் இந்த உண்மை மோட்டார் காருக்கும் பொருந்தும். காரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ளன. அவற்றுள் முக்கியமான சிலவற்றின் பெயரையும் பணியையும் இக்கட்டுரையில் காண்போம்.

நமது வட்டாரமும் மோட்டார் தொழிலும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுஜர் பிறந்த தலம் என்பதே முற்காலத்தில் அனைவர் நினைவிலும் எழும். இன்று மோட்டார் தொழிலும் உடன் நினைவுக்கு வருகிறது. இருங்காட்டுக்கோட்டையிலுள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ஆம் ஆண்டு சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான் கூட்டு ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் தொடங்கின. டயருக்கு அப்பல்லோ ஆலையும், கண்ணாடிக்கு செயின்ட் கோபைன் ஆலையும் இவ்வட்டாரத்திலேயே இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் வாழும் நாம் காரின் உறுப்புகளை அறியாதிருத்தல் தகுமா?

எஞ்சின்

மனிதனுக்கு இதயம் போன்றது காருக்கு எஞ்சின். இதனுள் சிலிண்டர் எனப்படும் உருளைகள் உண்டு. ஒவ்வோர் உருளையிலும் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய நான்கு வீச்சு முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. முதல் வீச்சில் காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. இரண்டாவதில் அக்கலவை அமுக்கப்படுகிறது. அப்போது ஸ்பார்க் ப்ளக் தீப்பொறி தர, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது மூன்றாவது வீச்சு. நான்காவதில் எரிந்த புகை வெளியேறுகிறது. நான்கு வீச்சுகளில் ஆற்றல் தருவது ஒன்றே என்பது நினைவில் கொள்ளத்தக்கது. லாரிகளில் உள்ள டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றை மிகுதியாக அமுக்கும்போது உண்டாகும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது.

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, சக்கரமோ சுழல்கிறது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? தையல் வகுப்பில் கால்மெஷினை மிதித்த எவருக்கும் விடை தெரியும். மிதிபலகை ஏறி இறங்குகிறது. அதனுடன் இணைந்த கம்பி பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. காரில் மிதிபலகையின் இடத்தில் பிஸ்டனும், கம்பியின் இடத்தில் கனெக்டிங் ராடும், சுழலும் அச்சாகக் கிராங்க் ஷாஃப்டும் உள்ளன. தமிழில் கிராங்க் ஷாஃப்டை வணரி அச்சு என்பர்.

எஞ்சின் சூடேறாமல் காப்பது ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிவந்த சூடான நீர் இதன் மெல்லிய குழாய்களில் பாயும்போது காற்றுப் பட்டுக் குளிர்கிறது. சூடாக இருக்கையில் இதன் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். உராய்வால் தேயாமல் காப்பது மசகு எண்ணெய். எஞ்சினின் பேரோசையை அடக்குவது சைலன்சர்.

கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல்

எஞ்சினின் ஆற்றல் நேரே சக்கரத்தைச் சென்றடைவதில்லை. முதலில் உள்ளது கிளட்ச். இது எஞ்சினையும் கியர் பெட்டியையும் வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரிக்கும். கியர் என்பது பற்சக்கரம். மேடேறும்போது வேகம் குறைந்தாலும் இழுவை மிகுதியாக வேண்டும். அதற்கு முதல் கியர். சமதளத்தில் விரைந்து செல்ல மேல் கியர்.

டிஃபரன்ஷியல் என்னும் உறுப்பின் பணியை நமது விளையாட்டு விழா அணிவகுப்பில் காணலாம். வரிசை வளைந்து திரும்பும்போது உள்பக்கம் நிற்பவள் கால்களைக் குறுக்கி வைக்கிறாள்; வெளிப்பக்கம் இருப்பவள் எட்டி நடை போடுகிறாள். காரின் சக்கரங்களும் அப்படியே. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் டயர் தரையில் இழுபட்டுத் தேயும். இரண்டையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடுவதே டிஃபரன்ஷியலின் பணி.

பிரேக்கும் பாதுகாப்பும்

ஓடுவதைக் காட்டிலும் நிற்பதே முக்கியம். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள காரை ஒரு பாதத்தின் அழுத்தம் எப்படி நிறுத்துகிறது? அறிவியல் பாடத்தில் படித்த பாஸ்கல் விதியே காரணம். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். பெடலின் கீழுள்ள சிறிய பிஸ்டன் தரும் அழுத்தம் பிரேக் எண்ணெய் வழியே சக்கரத்தருகிலுள்ள பெரிய பிஸ்டனை அடையும்போது பரப்புக்கு ஏற்ப விசை பெருகுகிறது. அந்த எண்ணெயில் காற்று புகுந்தால் காற்று அமுங்கிவிடும், பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. பெடலின் இந்த அறிகுறியையோ, பிரேக் கிறீச்சிடும் ஓசையையோ அலட்சியம் செய்யலாகாது.

முன் கண்ணாடி இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டப்பட்டது, உடைந்தாலும் சிதறாது. மூன்று இடங்களில் பற்றிப் பிடிக்கும் சீட் பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார்.

ஸ்டெப்னி என்ற பெயர்

உபரிச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். தொடக்ககாலக் கார்களுக்கு உபரிச் சக்கரம் இல்லை. வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் அதனைச் செய்து விற்றனர். தெருவின் பெயரே சக்கரத்தின் பெயராகி, கடல் கடந்து நம் ஊர் பஞ்சர் கடைவரை வந்துவிட்டது!

பெண்களும் மோட்டாரும்

“இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாச்சாரம்” என்பாருக்கு ஒரு வரலாறு கூறுகிறேன். கார்ல் பென்ஸ் 1886-இல் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்க மக்கள் தயங்கினர். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குத் தெரிவிக்காமல், இரு மைந்தருடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அவ்வண்டியில் பயணம் செய்தார். மூத்த மகனுக்கு அப்போது நம் வயதுதான், பதினைந்து. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். பிரேக் லைனிங் என்பதன் தொடக்கம் அதுவே. ஒவ்வோர் உறுப்பின் பணியையும் அறிந்திருந்ததால்தான் அந்த அம்மையார் நடுவழியில் கலங்கவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, கார்களுக்கு ஒயர்க் கற்றை செய்யும் ஆலையில் வேலை செய்கிறார். உடலுக்கு நரம்பு போன்றது அந்த ஒயர்க் கற்றை; விளக்கு, ஹாரன், ஏர்பேக் அனைத்துக்கும் மின்சாரமும் செய்தியும் அதன் வழியேதான் செல்கின்றன. இக்கட்டுரைக்காக அவரிடம் விவரம் கேட்டேன். “ஆறு வருஷமா ஒயரைக் கட்டறேன் தங்கச்சி. இது காருக்குள்ள எங்கே போவுதுன்னு ஒருநாளும் பார்த்ததில்லை” என்றார். அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. நமது வகுப்பில் பலருடைய தந்தையரும் அக்காமாரும் இப்படி ஒரே ஓர் உறுப்பைக் கையாண்டு நம்மைப் படிக்க வைக்கின்றனர். அவர்கள் செய்யும் உறுப்பு வண்டியில் எங்கே அமர்ந்து எவ்வுயிரைக் காக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுமளவு நாமாவது படித்திருக்க வேண்டாமா? அன்று மாலையே காரின் படம் ஒன்றை வரைந்து, ஒயர் செல்லும் வழியைச் சிவப்பு மையால் குறித்து அக்காவிடம் கொடுத்தேன். அதனைத் தம் தங்கும் விடுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

முடிவுரை

இப்போது மின்சாரக் கார்களும் நம் வட்டாரத்தில் தயாராகின்றன. அவற்றில் சிலிண்டரும் ஸ்பார்க் ப்ளக்கும் சைலன்சரும் இல்லை. பேட்டரியும் மோட்டாரும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சீட் பெல்ட்டும் அவற்றிலும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தபின் பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் மோட்டார் கல்வி பயிலலாம்; மாணவியருக்கும் அங்கே இடமுண்டு. ஆகவே தோழியரே, நாளை பள்ளிப் பேருந்தில் ஏறும்போது ஓட்டுநர் அண்ணனிடம் ஓர் உறுப்பின் பெயரையேனும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, மகள் கேட்டால் பானட்டைத் திறந்து காட்டுங்கள்.