முதுமையும் மதுவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தென்னை ஆராய்ச்சிக்கென்றே 1929 முதல் லுணுவிலவில் ஒரு நிலையத்தைக் கொண்டதும், சிலாபம் தொட்டு வென்னப்புவ ஈறாகத் தோப்புகள் அடர்ந்ததுமான புத்தளம் மாவட்டக் கரையோரத்திலேயே, கள்ளும் சாராயமும் வைனும் ஒரே நியதிக்கு உட்பட்டவை என்ற அபிப்பிராயம் ஜனங்களிடையே வேரூன்றியிருப்பதால், அதனைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: எந்த மதுவும் நாட்பட நாட்பட மேன்மையுறும்.

உண்மை: மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்து சீவல் தொழிலாளர் சேகரிக்கும் தென்னங்கள்ளு, முட்டியில் சொட்டும்போதே மதுவத்தால் நொதிக்கத் தொடங்கி, விரைவிலேயே 5 முதல் 8 சதவீதம் வரை மதுசாரம் பெற்று, ஓரிரு நாளில் வினாகிரியாகும் மார்க்கத்தில் இறங்கிவிடுகிறது. தென் இத்தாலியின் இர்ப்பீனியா மலைச்சாரல்களில் அல்யானிக்கோ திராட்சையிலிருந்து உருவாகும் தௌராசி என்னும் செவ்வைனோ, துவர்ப்பும் புளிப்பும் இயல்பிலேயே மிகுந்திருப்பதனால் போத்தலுக்குள்ளும் பல்லாண்டுகள் பரிபக்குவமடைய வல்லது. ஓராண்டு மரப் பீப்பாவில் கிடந்தது உட்பட, குறைந்தது 3 ஆண்டுகள் கழிந்த பின்னரே அதை விற்கலாமென்பது அந்நாட்டுச் சட்டம். ஆயினும் உலகத்து வைன்களுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அருந்தத் தக்கவையே.

நம்பிக்கை: அலுமாரியில் பத்திரப்படுத்திய சாராயப் போத்தல் ஆண்டுதோறும் முதிரும்.

உண்மை: கள்ளிலிருந்து வடித்த சாராயம் ஹல்மில்ல மரத் தொட்டிகளில் கிடக்கையில், மரத்தின் சாரத்தை ஏற்றும், மரத்தினூடே புகும் காற்றோடு சிறிது சிறிதாகக் கலந்தும், காரம் தணிந்து நறுமணம் கொள்கிறது. கண்ணாடிக்குள் அடைபட்டதும் அந்தப் பரிணாமம் நின்றுவிடுமாதலால், தொட்டியில் 10 ஆண்டுகள் முதிர்ந்தது, போத்தலில் மேலும் 20 ஆண்டுகள் இருந்தாலும் 10 ஆண்டுச் சாராயமே.

நம்பிக்கை: இலங்கைச் சாராயம் யாவும் தென்னையின் சாராயமே.

உண்மை: கடைகளில் விற்கும் பல வகைகளில், சீனி ஆலைக் கழிவுப்பாகு போன்றவற்றிலிருந்து வடித்த மதுசாரம் கலந்திருக்கிறது. ஆகையால், தூய தென்னஞ்சாராயம் நாடுவோர் போத்தலின் பெயர்ச்சீட்டை நிதானமாக வாசிப்பது நன்று.

காலம் எல்லாப் பதார்த்தங்களுக்கும் ஒரே வரத்தை அளிப்பதில்லை. கள்ளின் அற்பாயுளைக் குறையென்று கருதுவதும் தவறு. அதன் சிறப்பே புதுமையில் இருப்பதனால்தான், காலத்தைத் தவறவிடாது மரமேறும் ஒரு தொழில் இக்கரையில் நிலைபெற்றிருக்கிறது. பழமைக்கு மனமுவந்து விலை கொடுக்கும் நாம், அந்தத் தொழிலாளரின் அன்றாட உழைப்புக்கும் உரிய விலையையும் மரியாதையையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.