தேரியிடை ஒரு சுனை

பாலைவனச் சோலை என்றவுடன் நம் நினைவு எகிப்துக்கும் அரேபியாவுக்கும் செல்கின்றது. விவிலியம் பயின்றோர்க்கு ஏலிமின் பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்ச மரங்களும் முன்வந்து நிற்கும். அத்தகைய சோலையொன்று நம் தமிழகத்திலேயே உளதென்பதைப் பலர் அறியார். கீழ்க்கட்டளையினராகிய யாம் நால்வர் சென்ற விடுமுறையில் அதனைக் கண்டு வந்தோம்.

திருச்செந்தூரை அடுத்த மேலப்புதுக்குடிப் பக்கத்தே செம்மணல் மேடுகள் கண்ணுக்கெட்டுந்துணையும் பரந்து கிடக்கின்றன. அவற்றைத் தேரி என்பர். தென்மேற்குப் பருவத்தில் மழையை மலைத்தொடர் தடுத்துவிட, கணவாய் வழியே வரும் வறண்ட காற்றுச் செம்மண்ணை வாரிக் கடலோரத்திற் குவித்தமையால் தேரி உண்டாயிற்று என்பர் நிலநூலார். மணலைப் போர்த்துள்ள இரும்புச் சத்தே அதற்குச் செந்நிறம் தருவது. பனையும் முந்திரியும் உடைமரமுமே ஆங்கு மிகுதி.

இம்மணலிடையே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும், அதனருகே ஒரு சுனையும் உள. குற்றமற்ற பெண்ணொருத்தியின் சாபத்தால் நாடு மணலாயிற்றென்றும், சுனை ஒன்றை மட்டும் அய்யனார் காத்தனரென்றும் ஊரார் கூறுவர். இதன் இயற்கைக் காரணமும் வியக்கத்தக்கதே. தேரியில் விழும் மழை ஓடிப்போவதில்லை. மணலுள் இறங்கித் தங்கித் தாழ்ந்தவிடத்தே ஊறுகின்றது. மேலே வறட்சியாய்த் தோன்றும் மணலே கீழே நீரைக் காக்கும் கலமாகின்றது.

தேரிகளில் மக்கள் வாழ்வும் பழமையானது. திருநெல்வேலித் தேரிகளிற் கிடைத்த சிறு கற்கருவிகளைக் குறித்துச் சாய்னர், ஆல்சின் என்னும் அறிஞரிருவர் 1956-ஆம் ஆண்டில் விரிவாக எழுதியுள்ளனர். உலோகம் அறியாத வேட்டுவர் கையிற் கொண்ட கருவிகள் அவை.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்தே பாலையாம் என்பது சிலப்பதிகாரக் கொள்கை. அஃதாவது, பாலை என்பது தனி நிலமன்று. நலமிழந்த நிலமே பாலை. இதனைத் தேரியில் நின்றபோது எம் ஊரை எண்ணினோம். கீழ்க்கட்டளையில் ஏரி உண்டு. அதன் மிகைநீர் சேர்வதற்குப் பள்ளிக்கரணைச் சதுப்பும் உண்டு. எனினும், 2015-ஆம் ஆண்டில் வெள்ளத்தில் மூழ்கிய இத்தென்புறநகர்ப் பகுதி, 2019-ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடத்தோடு நின்றது. மழைநீர் இறங்கும் மண்ணையெல்லாம் கல்லாலும் காரையாலும் மூடினோமாதலின், வந்த நீர் தங்கவில்லை.

மணற்காட்டார் ஒரு சுனையைத் தெய்வத்தின் பெயரால் காத்தனர். ஏரியும் சதுப்பும் உடைய நாம் எதன் பெயராலேனும் அவற்றைக் காவாதொழியின், பாலையைக் காண விடுமுறையில் தெற்கே செல்லவேண்டுவதில்லை.